பச்சை அட்டை

யாங்கோன், தாம்வே சந்தைக்குப் பின்னால்
பிளாஸ்டிக் முக்காலி; உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும்.
பாலும் சர்க்கரையும் சேராத பச்சைத் தேநீருக்கு
இங்கே காசு வாங்குவதில்லை.
கூஜா காலியானதும் மூடியைத் தட்டினால் போதும்,
பையன் வேறொன்று வைத்துவிட்டுப் போவான்.

பதினோராவது கிண்ணத்தை ஊற்றிக்கொண்டே
தணிகைவேல் கேட்டான்:
"நீ ஆஸ்பத்திரி லேபுலதானே இருக்க, பூங்காவனம்.
இந்த எல மூளைய எதாச்சும் பண்ணுமா?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
நாம்சான் மலையிலிருந்து தேயிலை இறக்கும் லாரி அவனுடையது.
(முதலாளியுடையது. அவன் அப்படித்தான் சொல்வான்.)

மேசையில் சிந்தியிருந்ததில் விரலைத் தொட்டு
ஒரு மண்டை வரைந்தேன்.
ரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் போய்விட முடியாது,
நடுவில் ஒரு சாவடி இருக்கிறது என்றேன்.
அந்தச் சொல்லுக்கு நிமிர்ந்தான்.

காஃபின் பழகிய ஆள். யாரும் மறிப்பதில்லை.
தூக்கம் வந்து உட்கார வேண்டிய நாற்காலியில்
அது உட்கார்ந்துகொள்ளும்.
தூக்கம் விடியும்வரை நின்றுகொண்டே இருக்கும்.
"அது தெரியும். அத வச்சுத்தானே ஓட்டுறேன்."

தியானின் என்று இன்னொன்று.
புரதத்தின் பிள்ளைகளில் ஒருத்தியின் சாயல் அதற்கு.
அவளுக்குத் திறக்கிற கதவில் அதுவும் நுழைந்துவிடும்.
"அட்ட?"
அவளுடையதுதான். முகம் ஒத்துப்போகிறதே.
உள்ளே போய்க் கொந்தளிப்பைக் கொஞ்சம் தணிக்கிறது என்கிறார்கள்.
எவ்வளவு, எத்தனை கிண்ணத்துக்கு, யாருக்கு
என்பதில் சொன்னவர்களுக்குள்ளேயே தகராறு.

அப்புறம் கேட்டசின். நாக்கைப் பிடித்து இழுக்குமே, அந்தத் துவர்ப்பு.
இலையில் அதுதான் ஏராளம்; பேரும் அதற்குத்தான்.
எலிகளுக்கு நிறைய நல்லது செய்திருக்கிறது.
மனிதருக்குள் குடலிலேயே பெரும்பாலும் தொலைந்து,
ஈரலில் வேஷம் மாறி,
சாவடிக்கு வந்து சேர்வதே கொஞ்சம்.
அதிலும் உள்ளே விடப்படுவது
கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். நகத்தை அல்ல, அதன் ஓரத்தை.

"அப்ப இது இல்ல," என்றான்.

எது இல்லை?

போன செவ்வாய். விடியவில்லை. மெய்க்தீலாவுக்கு இந்தப் பக்கம்.
டார்ச் வெளிச்சத்தில் அவனுடைய பச்சை அட்டை.
(என்னுடையதும் அதே நிறம்தான்.
இளஞ்சிவப்பு வாய்த்தவர்களுக்கு இதை விளக்க முடியாது.)
அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டானாம்:
அப்பா பெயர்?

இருபத்தெட்டு வருடமாக ஒரே பதில், ஊ லா மௌங்.
அன்றைக்கு அது வரவில்லை.
வாயைத் திறந்தான்,
எல்லப்பன் என்று வந்தது.

மூன்று மணிநேரம் ஓரம் கட்டி வைத்தார்கள்.
சரக்கு வேறு வண்டிக்கு மாறிப் போய்விட்டது.
தேயிலையிடம் யாரும் அப்பன் பெயர் கேட்கவில்லை.

"நான் மறந்துட்டேனா,
இல்ல, ஞாபகம் வந்துருச்சா?
அதத்தான் கேக்குறேன்."

எனக்குச் சர்க்கரை பார்க்கத் தெரியும்,
உப்பு பார்க்கத் தெரியும்.
இதற்கு எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பது?
தூங்காத ராத்திரி, டார்ச், துப்பாக்கியின் நிழல், பதினோரு கிண்ணம்;
எதை நிறுத்தி எதைப் பார்ப்பது?
"ராத்திரியில கொறச்சுக்க," என்றேன்,
எங்கள் டாக்டர்களைப்போலவே, முகத்தைப் பார்க்காமல்.

வரைந்த மண்டை காய்ந்து
பழுப்பு விளிம்பு மட்டும் மிச்சம் இருந்தது.
பையன் ஈரத்துணியால் துடைத்து
அதன்மேலேயே புதுக் கூஜாவை வைத்தான்.
தணிகைவேல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.
"சித்திரைக்கு முந்தின கொழுந்து. நான் ஏத்துனதா இருக்கும்."

பிறகு பன்னிரண்டாவது கிண்ணத்துக்குள் குனிந்து
மெதுவாக ஒப்பித்துப் பார்த்தான்:
ஊ லா மௌங்.
ஊ லா மௌங்.
மூன்றாவது முறை உதடு மட்டும்தான் அசைந்தது.
எந்தப் பெயர் என்று எனக்குக் கேட்கவில்லை.